கறுப்பு நூல் சுற்றிய கண்ணாடி

விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்தபோது என் அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார். குண்டு தோட்டங்களுக்கு அப்பால் எங்கோ விழுந்தது. எங்களுக்குச் சேதம் கண்ணாடியின் இடது கால் மட்டும். அண்ணன் மனைவி கறுப்பு நூலெடுத்து, சட்டையில் கழன்ற தெறியைத் தைக்கிற கவனத்தோடு, அந்தக் காலைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அவளை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். இப்போதும், ஐம்பது தாண்டிய பிறகும், எங்காவது கறுப்பு நூற்கட்டையைக் கண்டால் என் கை அதைத் தொடாமல் விலகிப் போகிறது.

அண்ணன் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசித்து வரி வரியாக அடுக்குகிற வேலை. அந்த வருடங்களில் அச்சகத்துக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் கல்வெட்டுகள்தாம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். சிறுவயதிலிருந்தே அவருக்குக் கண் மோசம். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது நானா மச்சாளா என்பதைக் குரல் கேட்டுத்தான் சொல்வார். நூல் கட்டிய பிறகு கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தது. வில்லையிலும் ஒரு கீறல். ஒரு கல்வெட்டில் இறந்தவரின் பெயரையே பிழையாகக் கோத்து, அந்த வீட்டாரிடம் அச்சக முதலாளி மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. அன்று மாலை அண்ணன் சாப்பிடவில்லை. அவருடைய அளவுக்கு வில்லை பட்டினத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியுமே வராத காலத்தில் கண்ணாடி வில்லை எங்கிருந்து வரும்?

வவுனியாவுக்குப் போய்ப் புதுக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கிழமையில், ஏழே நாளில், திரும்பிவிடுவதாக ஆனி மாதத்தில் புறப்பட்டார். கிளாலிக் கரை வரை சைக்கிள், பிறகு நீரேரியில் வள்ளம், அங்கால் ரக்டரோ நடையோ. வாசல் படலையில் நின்று, போட்டு வாறன் என்றார். போறன் என்று எங்கள் ஊரில் எவரும் சொல்வதில்லை. அரிசிப் பானை வெறுமையாகிவிட்டால்கூட அரிசி இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அரிசி எடுக்கவேணும் என்பார்கள். நல்லதைச் சொல்லிக்கொண்டிருந்தால் நல்லது நடக்கும். எங்கள் வாய்கள் அப்படிப் பழகியவை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அண்ணன் போன அன்றைக்கு நீரேரியில் கடற்படையின் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரு வள்ளம் மறுகரை சேரவில்லை. எந்த வள்ளத்தில் எவர் ஏறினார் என்று எழுதிவைக்க அங்கே ஆளில்லை. கரையொதுங்கிய சிலரை அவரவர் வீட்டார் வந்து அடையாளம் கண்டு எடுத்துப் போனார்கள். நானும் மச்சாளும் போய்ப் பார்த்தோம். அவர்களில் அண்ணன் இல்லை. ஒரு கிழமை போயிற்று, ஒரு மாதம் போயிற்று. கடிதம் வரவில்லை. ஆனால் அப்போது எவருடைய கடிதமும் ஒழுங்காக வந்ததில்லை.

அந்த நாட்களில் நான் நெல்லியடியில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எடுகூற்று, முடிவு, போலி நியாயம். அச்சுவேலிப் பக்கத்திலிருந்து வல்லை வெளியின் எதிர்காற்றில் சைக்கிள் உழக்கிப் போய், கிடுகுக் கொட்டிலுக்குள் நின்று, மனித மனம் எப்படியெல்லாம் தன்னைத்தானே ஏமாற்றும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். வீட்டில் அம்மா பல்லிச் சொல்லுக்குக் காத்திருப்பார். சுவரில் பல்லி சத்தமிட்டால், பாத்தியே, அவன் சுகமாயிருக்கிறான் என்பார். பல்லி சும்மா கிடந்த நாட்களை அவர் கணக்கில் எடுத்ததில்லை. இதுதான் அம்மா, தோதானதை மட்டும் எண்ணுகிற பிழை என்று ஒருநாள் விளக்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் விளக்கத்தை விழுங்கிக்கொண்டேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. படித்தவளின் சிரிப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

இரண்டு மாதம் கழித்து அச்சுவேலிச் சந்தையில் ஒரு வியாபாரியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீரேரி கடந்து வவுனியாவுக்குப் போய், சவுக்காரமும் தேங்காயெண்ணெயுமாகத் திரும்புகிறவர். அறுபதுக்குக் கிட்ட வயது. நான் போனபோது சந்தைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குந்தியிருந்து வெங்காயப் பிடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் வேறும் இரண்டு பெண்கள் அவரிடம் ஏதோ கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். முகங்களில் ஒரு தெளிச்சி. அதைக் கண்டதும் நானும் கிட்டப் போனேன்.

"ஐயா, எங்கடை அண்ணையை அங்காலை எங்கையும் கண்டனியளோ? மெலிஞ்ச ஆள். கண்ணாடி போட்டிருப்பார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. மெலிஞ்ச ஆள்."

"கண்ணாடியிலை ஒரு பக்கம் கறுப்பு நூல் சுத்தியிருக்கும்."

"ஓம், ஓம். நூல் சுத்தினதுதான். பஸ் எடுக்கிற இடத்திலை நிண்டவர்."

"போன கிழமையோ ஐயா?"

"போன கிழமைதான்."

சைக்கிளை மிதித்தேனா, அது தானாகப் போயிற்றா தெரியாது. எங்கள் ஒழுங்கைச் சந்துக்குத் திரும்புகிற இடத்தில் ஏதோ ஒன்று, செருப்புக்குள் புகுந்த குறுணிக்கல் போல, உறுத்தியது. கண்ணாடி மாற்றத்தானே போனவர்? இரண்டு மாதமாகியும் பழைய கண்ணாடியோடு ஏன் நிற்கிறார்? என் மனம் உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. அங்கேயும் அந்த அளவு வில்லை கிடைத்திருக்காது. கிடைத்திருந்தாலும் பழையதைக் கைவிடாமல் போட்டிருப்பார், மச்சாள் கட்டிய நூலல்லவா. அல்லது புதியது களவு போயிருக்கும். பத்து நிமிட ஓட்டத்துக்குள் மூன்று காரணம். ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கிக் கல்லை மூடிவிட்டேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போது எனக்குள் சந்தேகமே இருக்கவில்லை.

அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். அடுத்த நாள் மோதகம் அவித்துப் பிள்ளையாருக்குப் படைத்து ஒழுங்கை முழுக்கக் கொடுத்தார். பயறும் சர்க்கரையும் எங்கே கிடைத்ததோ. பக்கத்து வீட்டு அன்ரி, தான் போன கிழமையே கனவில் கண்டதாகவும் அதைத் தன் மகளிடம் சொன்னதாகவும் சாட்சி வைத்தார். மூன்றாம் நாள், அண்ணன் திரும்பி வருவதற்குப் பயணப் பாஸ் கேட்டு நிற்கிறாராம் என்று எனக்கே வந்து சொன்னார்கள். நான் சொல்லாததெல்லாம் என் வாயால் வந்ததாகச் சுற்றியது. நான் திருத்தவில்லை. மோதகத்தைத் தின்ற வாய்களிடம் போய், அது அப்படியில்லை என்று எப்படிச் சொல்வது? கொண்டுவந்த கதைக்கு நான் சொந்தக்காரியாகிவிட்டேன். கதை பிழையென்றால் நான் பிழை.

மச்சாள் மட்டும் மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நூலை அந்தாள் சொன்னதோ, நீ சொன்னதோ?"

"அவர்தான் சொன்னவர் மச்சாள்."

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னேன் என்று எழுதினால் இலகு. நான் பொய் சொல்லவில்லை. என் ஞாபகத்தில், அந்த நொடியில், வேப்பமரத்தடியில் குந்தியிருந்த மனிதர் தானாகவே தலை நிமிர்ந்து, கறுப்பு நூல் சுத்தின கண்ணாடி பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குரல்கூடக் கேட்டது.

மச்சாள் மோதகத்தைச் சாப்பிட்டாள். கை கழுவினாள். அண்ணனைத் தேடி வவுனியாவுக்குத் தானே போகப் போவதாக அம்மாவிடம் சொன்னாள். இதற்கு முன் அவள் இரண்டு முறை கேட்டபோது அம்மா கையைப் பிடித்து மறித்தவர். இப்போது மகனைக் கண்ட ஆளே இருக்கிறாரே. அம்மா சம்மதித்தார். வெளியே போகிறவருக்குப் பாஸ் வேண்டும், அவர் திரும்பி வருவார் என்று உள்ளே ஒருவர் பிணை நிற்க வேண்டும். நான் பிணைக்குக் கையெழுத்து வைத்தேன். வருகிற வெள்ளி அவள் புறப்படுவதாக முடிவாயிற்று. அதே கரை, அதே நீரேரி, அதே வள்ளம்.

அந்தக் கிழமை வகுப்பில் போலி நியாயங்கள். கேள்விக்குள்ளேயே விடையை ஒளித்துவைக்கிற போலிக்கு உதாரணமாக, நீ பக்கத்து வளவில் களவாய் ஆய்ந்த மாங்காயை எங்கே ஒளித்தாய் என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு சிரித்தது. எங்கே என்று சொன்னாலும் கள்ளன், தெரியாது என்றாலும் கள்ளன் என்று கடைசி வாங்கிலிருந்து ஒருத்தன் விளக்கம் சொன்னான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கேள்வி கேட்கிறவருக்குத் தேவையான விடை கேள்விக்குள் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தபோது, கொட்டிலுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது. கறுப்பு நூல் சுத்தியிருக்கும் என்றது அது. என்னுடைய குரல். அதற்குப் பிறகுதான் அவருடைய ஓம்.

வகுப்பை அரைவாசியில் விட்டுவிட்டு வந்தேன். வல்லை வெளியில் அன்று காற்று பின்னாலிருந்து தள்ளியது. எனக்கு மெதுவாகப் போகவேண்டும் போலிருந்தது. தெரிந்துகொள்ளாமல் இருக்க இன்னும் எத்தனையோ வழிகள் உண்டு. நேரே வீட்டுக்குப் போகலாம். வியாபாரி இன்று சந்தைக்கு வந்திருக்க மாட்டார் என்று முடிவு கட்டலாம். வேப்பமரத்தடியில் அவர் இருந்தார்.

இந்த முறை நான் ஒரு மனிதரை உண்டாக்கிக்கொண்டு போயிருந்தேன். உலகத்தில் எங்கும் இல்லாத மனிதர்.

"ஐயா, எங்கடை சொந்தக்காரர் இன்னொருத்தரையும் தேடுறம். மொத்த ஆள், பெரிய மீசை. ஒரு கால் சாடையாய் இழுத்து நடப்பார்."

அவர் வெங்காயப் பிடியைக் கீழே வைத்தார். முன்போலவே என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. கண்டமாதிரித்தான் கிடக்கு. கால் இழுக்கிற ஆள்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்து நாரை முறுக்கத் தொடங்கினார். பிறகு, எனக்கில்லை, வெங்காயத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒவ்வொருநாளும் வருகினம் பிள்ளை. முகத்தைப் பாத்துக்கொண்டு நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய்யரல்ல. வெறும் பானையைப் பார்த்துக்கொண்டும் அரிசி இல்லையென்று சொல்லாத ஊரின் மனிதர். கெட்டது அவருடைய விடையல்ல, என்னுடைய கேள்வி. அதோடு, நான் தெரிந்துகொள்ளப் போகவில்லை, வாங்கப் போனேன். அவர் தந்தார்.

வியாழக்கிழமை காலை மச்சாள் கிணற்றடியில் பயணத்துக்கென்று சேலை தோய்த்துக்கொண்டிருந்தாள். சவுக்காரம் இல்லை, பனம்பழத்தைப் பிசைந்து தோய்க்கிற காலம். வாளியை இழுத்து ஊற்றியபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மீசைக்காரரை, இழுக்கிற காலை, நூலை நானே எடுத்துக் கொடுத்ததை. அவள் சேலையைப் பிழிவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள். "கண்ணாடி மாத்தப் போன மனிசன் ரெண்டு மாசத்துக்குப் பிறகும் நூலோடை நிப்பாரே?"

"அப்ப ஏன் போறியள்?"

"தெரியாமல் என்னாலை இருக்கேலாது. மாமி விடவேணுமெண்டால் ஆரும் அவரைக் கண்டிருக்கவேணும். உன்ரை கதை எனக்கு வசதியாப் போச்சு." சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "அதுசரி, உங்கை நெல்லியடியிலை நீ என்னத்தைத்தான் படிப்பிக்கிறாய்?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகவேண்டாம் என்றேன், பிணையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று வெருட்டினேன். செய்யமாட்டாய் என்றாள். மாமியிடம் மூச்சு விடாதே, நான் வந்து நானே சொல்கிறேன் என்றாள். அடுத்த நாள் படலையில் நின்று, போட்டு வாறன் என்றாள். அதே இரண்டு சொற்கள்.

ஐந்து கிழமை. நீரேரிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வந்த நாட்களில் என் கையெழுத்தே என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த ஐந்து கிழமையும் நானும் பல்லிச் சொல் கேட்டேன். சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் சேலைக் கரையில் செம்மண்ணோடு வந்து சேர்ந்தாள். அவள் எப்படித் தேடினாள் என்பதைப் பிறகு எனக்குச் சொன்னாள். கண்ணாடிக் கடை ஒன்றுவிடாமல் ஏறியிருக்கிறாள். எந்தக் கடையிலும் அண்ணனைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்ணாடி போட வந்த ஆட்களைச் சொல்லுங்கோ என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். தடித்த வில்லை செய்து கொடுக்கிற கடை ஒன்றுதான் இருந்தது. அந்தக் கடைக்காரர் ஒரு குருக்களையும் ஒரு வயதான அம்மாவையும் இரண்டு மாணவர்களையும் ஞாபகப்படுத்திச் சொன்னாராம். வேறு எவரும் வரவில்லையாம். நான் கரும்பலகையில் மட்டும் எழுதத் தெரிந்ததை அவள் ஒரு கடை வாசலில் நின்று செய்துவிட்டு வந்திருந்தாள்.

அம்மா முற்றத்துக்கு ஓடிவந்தார். "கண்டியோ பிள்ளை?"

"இல்லை மாமி. அவர் அங்காலை போய்ச் சேரேல்லை."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் ஒருவர் உரத்துச் சொன்ன இல்லை அது. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அப்ப கொழும்புக்குப் போயிருப்பான். அங்கை பெரிய பெரிய கண்ணாடிக் கடையள் கிடக்கு." என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை, அப்பிடித்தானே?"

மச்சாள் என்னைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாய் என்ற பார்வை. நீரேரியை இரண்டு முறை கடந்து அவள் கொண்டுவந்த அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் நான் ஒருத்தி நின்றிருந்தால் போதும், அது நிலைத்திருக்கும். எனக்கு எல்லாம் தெரியும். கேள்விக்குள் விடை இருப்பது தெரியும். ஆனால் அம்மாவின் முகம் எனக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது.

"ஓம் அம்மா," என்றேன்.

மச்சாள் குளிக்கப் போனாள். பல நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. அண்ணனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை, கல்வெட்டு அடிக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் மச்சாள் பொட்டு வைத்திருப்பாள். ஒழுங்கை தாண்டினால் அழித்துவிடுவாள். வேப்பமரத்தடி மனிதரை நான் பிறகும் சந்தையில் கண்டிருக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக ஒதுங்கிப் போவோம்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஷெல் கிட்டவாக விழத் தொடங்கியிருந்தது. ஒழுங்கையில் ஆட்கள் மூட்டைகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்குமே, நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றார். இரண்டு வருடத்துக்கு முன் நான் கொடுத்த ஓம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தது. இல்லை அம்மா, அண்ணை வரமாட்டார் என்று சொல்லக் குனிந்தேன். அம்மா என் வாயையே பார்த்தார். எனக்கு வரவில்லை. சத்தியமாக, அந்தச் சொல் என் தொண்டையில் இருக்கவே இல்லை.

மச்சாள் அடுப்படிக்குள் போய்க் கரித்துண்டோடு வந்தாள். என் கையில் வைத்தாள்.

"எழுது," என்றாள். அவ்வளவுதான்.

அண்ணை, நாங்கள் கொடிகாமத்துக்குப் போறம் என்று முன்சுவரில் எழுதினேன். அம்மா எழும்பி வந்து பார்த்தார்.

"உது சின்னன். பெரிசாய் எழுது பிள்ளை. அவன்ரை கண்ணுக்குத் தெரியவேணும். நூல் கட்டின கண்ணாடிதானே."

நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். நான் ஏறி, ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழ உயரமாக, சுவர் முடியும்வரை எழுதினேன். கரி போதாமல் அவள் இன்னொரு துண்டு எடுத்துத் தந்தாள். அம்மா பின்னால் பின்னால் நடந்து படலை வரை போனார். அங்கே நின்று, கண்ணைச் சுருக்கி, அண்ணன் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஓம், தெரியுது," என்று சொல்லிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.